நோட்டக்காரரின் புளியங்கொட்டைகள்

அடுத்தவர் சந்தேகப்படுவதற்கென்றே ஆண்டவன் தனியாக ஒரு மனிதரைச் செய்து அனுப்பினான் என்றால், அது எங்கள் லைன் வீட்டு நோட்டக்காரர்தான். அவர் பொய்யே சொன்னதில்லை. அவர் மேல் எங்களுக்கு வந்த முதல் சந்தேகமே அதுதான்.

தொண்ணூறுகளில் நாங்கள் பெரியநாயக்கன்பாளையத்தில் குடியிருந்தோம். வரிசையாக ஓட்டு வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக வாசலில் ஒரே குழாய். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பம்ப்செட் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிற பெண் நான். அதனால் இந்தக் கதையில் பாதியைக் கதவிடுக்கு வழியாகத்தான் பார்த்தேன்.

கடைசி அறைக்கு அவர் குடிவந்த அன்றே, குழாயடியை ஆண்டுவந்த ரத்தினாக்கா விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"ஏனுங்க, என்ன வேலை பாக்கறீங்க?"

"படிக்கிறேனுங்க."

"உங்க பசங்களைக் கேக்கலீங்க. உங்களைத்தான்."

"நான்தானுங்க அக்கா. எம்.ஏ. படிக்கிறேன். ஒருத்தரோட நடத்தையைக் கவனிச்சு, திட்டாம அடிக்காம மாத்தறதுக்கு ஒரு படிப்புங்க."

ரத்தினாக்கா அவரது தலையைப் பார்த்தார். பாதிக்கு மேல் நரை. நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "எங்கயோ என்னத்தையோ செஞ்சுபோட்டு இங்க வந்து ஒளிஞ்சிருக்கான். நரைச்ச மனுசன் படிக்கறானாமா!" என்றார்.

மறுநாள் தண்ணீர் வந்தது. தண்ணீர் வரும் நாளில் எங்கள் குழாயடியில் வசவு முதலில் வரும், தண்ணீர் பின்னால் வரும். நோட்டக்காரர் தன் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு குடம் இன்னொரு குடத்தை இடித்து ஒரு வசவு கிளம்பினால், சட்டையின் இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது பையில் போடுவார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. நோட்டக்காரர் என்ற பெயர் அவருக்கு அன்றுதான் விழுந்தது. அன்று சண்டை முடிந்தபோது வலது பை பிதுங்கிக்கொண்டிருந்தது.

"செய்வினைதான்" என்றார் ரத்தினாக்கா. "நம்ம வாயைக் கட்டறதுக்கு."

முதல் வீட்டில் தையல் மிஷின் போட்டிருந்த ஜமால் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் இல்லீங்க அக்கா. கரண்ட் ஆபீஸ் ஆளு. கொட்டை எடுத்துப் போடறதெல்லாம் சும்மா பாசாங்கு. எவன் ஊட்டுல கள்ளக் கரண்டுன்னு பாக்கறான்." அன்று சாயங்காலம் பார்த்தால் எங்கள் லைனில் பல வீடுகளில் திடீரென்று சிம்னி விளக்கு எரிந்தது. ஜமால் பாய் வீட்டிலும்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தது வீட்டுக்காரம்மா. அவருடைய மகள் சுமதிக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு குடும்பம் ஜாதகம் வாங்கிப் போய், பொருத்தமும் பார்த்துவிட்டு, அப்புறம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தது. எங்கள் பக்கம் அந்த மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான். பெண்வீடு எப்படி, அக்கம்பக்கம் எப்படி என்று யாருக்கும் தெரியாமல் விசாரிக்க ஓர் ஆளை அனுப்பியிருப்பார்கள்.

"அவங்க அனுப்புன ஆளுதான் இது" என்றார் வீட்டுக்காரம்மா. "ஆருங்க காசு குடுத்துக் குடிவந்து, குழாயடியைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க? இனி ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது. என் புள்ளை வாழ்க்கை உங்க கையிலதான் இருக்குது!"

அடுத்த தண்ணீர் நாளில் எங்கள் குழாயடி கோயில் பிரகாரம் ஆகிவிட்டது.

"நீங்க மொதல்ல புடிங்க அம்மணி."

"அய்யோ, நீங்க பெரியவங்க. நீங்க புடிங்க அக்கா."

"இருக்கட்டுமுங்க, எனக்கென்ன அவசரம்?"

இந்த மரியாதை முடிவதற்குள் தண்ணீர் நின்றுபோனது. பாதிப் பேர் காலிக் குடத்தோடு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடித்தார்கள். நோட்டக்காரரின் இடது பையிலிருந்து ஒரு கொட்டைகூட நகரவில்லை.

வீட்டுக்காரம்மா அவருக்கு நெய் ஊற்றிய அரிசிம்பருப்பு சாதமும் ஒப்புட்டுப் போளியும் அனுப்பினார். அவரோ நாளுக்கு நாள் வாடிப்போனார். ஒருநாள் தாங்காமல் குழாயடிக்கே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க. ஒரே ஒரு தடவை, பழையபடி சண்டை போடுங்களே!"

'சோதித்துப் பார்க்கிறார்' என்று எல்லார் கண்ணும் பேசிக்கொண்டது. "சண்டைங்களா?" என்றார் ரத்தினாக்கா, பால் வடியும் முகத்தோடு. "அப்படின்னா என்னங்க?"

அந்த வாரமே எங்கள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஓர் அம்மையார் இறங்கி, நோட்டக்காரரின் நிஜப் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டார். மாப்பிள்ளையின் அத்தை என்று வீட்டுக்காரம்மா முடிவு கட்டிவிட்டார். அவசரம் அவசரமாகப் பட்டுப்புடவை சுற்றி, கையில் காபித் தட்டைக் கொடுத்துச் சுமதியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினார்.

அந்த அம்மா காபியை எடுத்துக்கொண்டு, "இங்க அடிக்கடி சண்டை வருமாமே?" என்று கேட்டார்.

"எந்தப் பாவிங்க சொன்னது? எங்க ஊட்டுல சத்தமே கேக்காதுங்க. பொண்ணும் அப்படித்தான். அதிர்ந்து பேசத் தெரியாதுங்க."

"எந்தப் பொண்ணு?"

"இதா, இவதானுங்க. புடிச்சிருக்குதுங்களா?"

அந்த அம்மா காபியையும் சுமதியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் நோட்டக்காரருக்குப் பாடம் சொல்லித்தரும் கல்லூரி மேடம். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. பேச்சு வராத, யாரோடும் சேராத குழந்தைகள் படிக்கும் ஒரு பள்ளியில் நோட்டக்காரர் உதவியாளராக இருந்தார். அங்கே அவருக்குப் பிடித்த ஒரு வகுப்பு, படித்த ஆசிரியர் இல்லாததால் அந்த வருடத்தோடு மூடப்படுவதாக இருந்தது. அதை எடுத்து நடத்தத்தான் நரைத்த பிறகு மறுபடி படிக்கப் போயிருக்கிறார். பட்டம் வாங்க வேண்டுமானால் ஒரு பழக்கத்தை நிஜமாக மாற்றிக் காட்ட வேண்டும். எங்கள் குழாயடிச் சண்டையை நம்பித்தான் அவர் குடிவந்ததே.

"ஒப்புட்டுத் தின்னுபோட்டு இத்தனை நாள் ஏமாத்திப்போட்டீங்களே!" என்றார் வீட்டுக்காரம்மா.

"மொத நாளே படிக்கிறேன்னு சொன்னேனுங்களே!"

"அதை ஆருங்க நம்புவாங்க?"

மேடம் உதட்டைப் பிதுக்கினார். "இங்க மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லையே. இந்த வருஷம் முடியறது கஷ்டம்தான்."

நோட்டக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் ரத்தினாக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஜமால் பாயின் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கி, "உடுய்யா குடத்தை!" என்று கத்தினார். பாய், "மாட்டேன் போங்க அக்கா" என்றார். அதற்குமேல் சண்டை வராமல் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"நடிச்சா செல்லாதுங்க அக்கா" என்றார் நோட்டக்காரர் மெதுவாக.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பேச்சு வராத பிள்ளைகளின் வகுப்பை மூடப்போகிறார்கள் என்ற ஒரு வார்த்தை மட்டும் காதிலேயே நின்றது. எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"எனக்கு முறை கேக்கத் தெரியாதுங்க. ஆராச்சும் முன்னால பூந்தா, காலிக் குடத்தோட ஊட்டுக்குள்ள போயிருவேன். பல வருசமா அப்படித்தான். அதை மாத்த முடியுங்களா?"

"அட, இதுக்கு வாய் இருக்குதா!" என்றார் ரத்தினாக்கா.

நோட்டக்காரர் எழுந்து நின்றார். "உங்களுக்கு இஷ்டம்னா மட்டுந்தானுங்க அம்மணி. எப்ப வேண்டாம்னு தோணுதோ அப்ப நிறுத்திக்கலாம்." மேடமும் தலையசைத்தார்.

எனக்கு அவர் எதையும் போதிக்கவில்லை. என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினால் நான் மறுபடி உள்ளே ஓடிவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரத்தினாக்காவிடம் மட்டும் ஒன்று சொல்லிவைத்தார். நான் ஓரடி முன்னால் வந்து நின்றால் போதும், அவர் தன் குடத்தை எடுத்துவிட வேண்டும். சில தண்ணீர் நாள் போனதும், நான் குடத்தைத் தூக்கிக் காட்டினால்தான் எடுக்க வேண்டும். அப்புறம் வாயைத் திறந்தால்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டை பை மாறும். கடைசியில் ஒரு காலை, "அக்கா, இது என் முறைங்க" என்று நான் சொன்ன சத்தத்தில் ஜமால் பாயின் மிஷின் நின்றுவிட்டது.

குடத்தை எடுத்து எடுத்து ரத்தினாக்காவுக்கு அதுவே பழக்கமாகி, மற்றவர்களுக்கும் விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். "திருத்துனது உன்னைய இல்லைடி கண்ணு. என்னையத்தான்" என்று அவருக்கு ஒரு சந்தேகம். எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. முதல் நாளிலிருந்தே அந்த முக்காலி எங்கள் கதவிடுக்குக்கு நேராகத்தான் இருந்தது.

சுமதிக்கு அந்த உடுமலை மாப்பிள்ளையே அமைந்தார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க வந்த அம்மாதான் அவர்கள் அனுப்பிய நிஜமான ஆள் என்று பிறகு தெரிந்தது. அவர் வந்துபோனது, நாங்கள் தண்ணீரைக்கூடப் பிடிக்காமல் மரியாதை பண்ணிக்கொண்டிருந்த அந்தக் காலையில்.

நோட்டக்காரர் தேறிவிட்டார். அந்த வகுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். பள்ளிக்குப் பக்கத்திலேயே அறை பார்த்துக்கொண்டு, முக்காலியைச் சைக்கிளில் கட்டிக் கிளம்பினார். எல்லாரும் வழியனுப்பி முடித்து உள்ளே போய்விட்டார்கள். சைக்கிள் தெருமுனையைத் தொடும்போது, நடுத்தெருவில் நின்று, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் கத்தினேன்.

"ஏனுங்க!"

அவர் காலை ஊன்றித் திரும்பினார். நான் கையைத் தூக்கி ஆட்டினேன்.

"படிப்பு முடிஞ்சுபோச்சுங்க அம்மணி. இனி இதைக் கணக்குல சேத்த முடியாதுங்களே" என்று சிரித்தார்.

சொல்லும்போதே அவர் கை இடது பைக்குள் போய், வலது பைக்கு வந்தது.