வேலி இல்லாத படம்

ஒளிப்படக் கருவி கண்டுபிடிக்கப்பட்டதே எங்கள் காலனியைப் படம் எடுப்பதற்காகத்தான் என்பதை இனி யாரும் மறுக்க முடியாது. எருமப்பட்டிக்குக் கிழக்கே, கோழிப் பண்ணைகளுக்கும் சோளக்காடுகளுக்கும் நடுவில் நாற்பது வீடுகளாக நாங்கள் இருந்து என்ன பயன்? எங்களை யாரும் ‘ஆவணப்படுத்தவில்லை’. தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தது. பேருந்து வந்தபோது வந்தது. ஆவணம் மட்டும் வரவே இல்லை. அந்தப் பெருங்குறையை நீக்க, சென்ற தை மாதம் ‘பல முகம், ஓர் ஊர்’ என்னும் திட்டம் சென்னையிலிருந்து எங்களைத் தேடி வந்தது.

திட்டத்தை அழைத்து வந்தவர் ஒருங்கிணைப்பாளர் இளவழகன் சார். சமுதாயக் கூடத்தில் எங்களைத் தரையில் உட்காரவைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்ததை அவருடைய உதவியாளர் படம் எடுத்து முடித்ததும் எழுந்து நாற்காலிக்குப் போனார்.

“உங்க கதையை இனிமே வேற யாரும் சொல்லக் கூடாது. நீங்கதான் சொல்லணும்” என்றார்.

“எதைப் பத்திச் சொல்றதுங்க?” என்று கேட்டாள் என் அம்மா பொன்னாயி.

“அதை நாங்க சொல்லித் தருவோம்மா.”

எங்களிடமே ஐந்து கேமராக்கள் தரப்படும் என்று அறிவித்தார். யாருக்கு என்பது சென்னையிலேயே முடிவாகியிருந்தது. நெசவாளர் ஒருவர், ஒடிசாக்காரர் ஒருவர், பூசாரி ஒருவர், முதியவர் ஒருவர், ‘பள்ளி இடைநின்ற பெண்’ ஒருவர். கடைசிப் பதவிக்கு நான் பொருத்தமாக இருந்தேன். அரைகுறையாக நின்றுபோன பத்தாம் வகுப்பு ஒரு தகுதியாகும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் நின்றது பெரிய கதையல்ல. காலனியிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு இட்டேரி வழியாக நடந்தால் பத்து நிமிடம். இரண்டு பக்கமும் கள்ளி அடைத்த பழைய வண்டித்தடம் அது. பண்ணைக்காரர் சென்னிமலை ஐயா அதன் இருபுறமும் கோழிக் கொட்டகை போட்டார். பிறகு கோழிகளின் உடல்நலம் கருதித் தடத்தின் குறுக்கே ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி இழுத்தார். ‘நோய்த்தடுப்புப் பகுதி. வெளியாட்கள் நுழையக் கூடாது’ என்று பலகையும் வைத்தார். அதே கொட்டகைக்குள் என் அம்மா தினமும் காலை ஆறு மணிக்கு, அடுத்த பக்கத்து வாசல் வழியாக, முட்டை பொறுக்கப் போகிறாள். அவளால் கோழிகளுக்கு எதுவும் ஆனதில்லை. கிருமி புத்தகப் பையில்தான் இருக்கிறது போலும். சுற்றிப் போனால் ஐந்து கிலோமீட்டர், தீவன லாரிகள் ஓடும் சாலை. மூன்று மாதம் நடந்தேன். அப்புறம் நடக்கவில்லை.

என் தங்கை யுவஸ்ரீ காலனிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. அங்கே எட்டு வரைதான். ஜூனில் அவளும் வேலிக்கு அந்தப் பக்கம் போயாக வேண்டும். ஆகவே, இருக்கிற வேலை போனாலும் போகட்டும் என்று, அம்மா திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருந்தாள். ‘ஆய்வு செய்யப்படும்’ என்று பதிலும் வந்திருந்தது.

எனக்குப் பேச வராது. கேமரா வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். ஒரே வாரத்தில் நாற்பத்தோரு படம் எடுத்தேன். மதிப்பாய்வுக் கூட்டத்தில் இளவழகன் சார் அவற்றைத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஏம்மா கோகிலவாணி, எல்லாத்துலயும் கம்பியாவே இருக்கே?”

“அங்க கம்பிதானுங்க சார் இருக்குது.”

“இது வேலி. வேலி பண்பாடு ஆகாது. நமக்குத் தேவை பன்முகத்தன்மை.”

“அந்தப் பக்கம் ஒரு முகம், இந்தப் பக்கம் ஒரு முகம் இருக்குதுங்களே” என்றாள் அம்மா.

அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மண்வாசனையுள்ள வாக்கியமாம். நாற்பத்தோரு படங்களையும் அழித்துவிட்டு, எதை எடுக்க வேண்டும் என்று கனிவோடு காட்டினார். மறுநாள் அம்மா நைட்டிமேல் சட்டை போட்டு, முட்டை அட்டைகளைத் தலையில் அடுக்கி வந்துகொண்டிருந்தாள். அது ‘உண்மையாக’ இல்லை. சேலம் கடையிலிருந்து வாங்கி வந்த சுங்குடிச் சேலையைக் கட்டவைத்து, கையில் ஒரு முறத்தைக் கொடுத்ததும்தான் உண்மையானாள்.

“முறத்துல என்னத்தைங்க பொடைக்கிறது?”

“சும்மா அசைங்கம்மா.”

அம்மா காற்றைப் புடைத்தாள். ஒடிசாக்காரரிடம் உங்கள் நடனத்தை ஆடுங்கள் என்றார்கள். அவர் தீவனம் அரைக்கும் இயந்திரத்தில் வேலை செய்கிறவர், ஆடத் தெரியாது என்றார். அப்படிச் சொன்னது பன்முகத்தன்மைக்கு ஒத்துழைப்பாக இல்லை என்று கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி நாள் மகுடப் படம். ஊரும் காலனியும் ஒன்றாக நிற்கும் படம். பொழுது சாயும் வெளிச்சம் வேலிப் பக்கம்தான் நன்றாக இருக்கிறது என்று இளவழகன் சார் கண்டுபிடித்தார். நடுவில் நாற்காலி போட்டுச் சென்னிமலை ஐயாவை உட்காரவைத்தார். சுற்றிலும் நாங்கள் முப்பத்திரண்டு பேர். எடுக்க வேண்டியவள் நான். சமூகமே தன்னைப் படம் எடுத்துக்கொள்வது அல்லவா சிறப்பு!

“சார், பின்னால வேலி தெரியுதுங்க” என்றேன். கூட்டத்தில் நானாகப் பேசியது அது ஒன்றுதான்.

“நல்ல கண்ணும்மா உனக்கு! எல்லாரும் நெருங்கி நில்லுங்க. தோளோட தோள்! கம்பி தெரியக் கூடாது.”

“ஏம் பொன்னாயி, இன்னும் கொஞ்சம் இப்படி ஒட்டி நில்லு, நானென்ன கடிச்சா போடுவேன்?” என்றார் சென்னிமலை ஐயா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா அவர் அருகில் நெருங்கி நின்றது அதுவே முதல்முறை. ஒற்றுமை அன்று அப்படிப் பொங்கியது.

கம்பி மறைந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை மட்டும் யுவஸ்ரீயின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

“பாப்பா, உன் ஸ்கூல் பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடி. ஆங், அப்படித்தான்! படிப்போட அடையாளம்!”

“அக்கா, பை கனக்குது, சீக்கிரம் எடு!” என்று கத்தினாள் யுவஸ்ரீ.

அவளுக்குக் கை வலிக்குமே என்று சீக்கிரமாக எடுத்தேன்.

படம் சேலத்துக் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது. ‘வேலிகள் இல்லாத மனங்கள்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கீழே, ‘படம்: பள்ளி இடைநின்ற பெண்’. பெயர் போட இடம் போதவில்லையாம். சென்னிமலை ஐயா பூரித்துப்போய், படத்தை இருபதடி ஃப்ளெக்ஸாக அடித்து, எங்களுக்குத் தினமும் தெரியட்டும் என்று அந்த வேலியிலேயே இழுத்துக் கட்டினார்.

சித்திரையில் மனுவை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் வந்தார். ஃப்ளெக்ஸ் எதிரில் வண்டியை நிறுத்தினார்.

“வேலி எங்கம்மா?” என்று என் அம்மாவைக் கேட்டார்.

“அந்தப் படத்துக்குப் பொறவால இருக்குதுங்க சாமி.”

“படத்துல இருக்கறது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“சிரிச்சுட்டு நிக்கறீங்க?”

“சிரிக்கச் சொன்னாங்க.”

“சரி, பின்னால போய்ப் பார்த்துருவோம். எப்படிப் போறது?”

“போக முடியாதுங்க. அதுக்குத்தானுங்க மனுவே குடுத்தது.”

“போய்ப் பார்க்க முடியாததை நான் எப்படிம்மா எழுதறது?”

ஃப்ளெக்ஸை அவிழ்த்துப் பார்க்கலாமே என்று அம்மா கேட்டாள். பரிசு பெற்ற படத்தில் கை வைக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். தன் கைப்பேசியில் அதைப் படம் எடுத்து அறிக்கையோடு இணைத்தார். பத்து நாளில் பதில் வந்தது: ‘மேற்படி இடத்தில் வேலி ஏதும் காணப்படவில்லை. மனுதாரர் உட்பட அனைத்துத் தரப்பினரும் நல்லிணக்கத்துடன் இருப்பது ஒளிப்பட ஆதாரத்தின் மூலம் உறுதியாகிறது. மனு முடித்துவைக்கப்படுகிறது.’ அதைப் படித்துக் காட்டியவள் யுவஸ்ரீதான். ஒரு பிழை இல்லாமல் வாசித்தாள்.

சென்ற வாரம் இளவழகன் சார் தொலைபேசியில் அழைத்தார். திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு நிதி வந்துவிட்டதாம்.

“உனக்குப் பதினெட்டு முடிஞ்சுபோச்சும்மா, இனி அந்தப் பிரிவுல உன்னைச் சேர்க்க முடியாது. உங்க காலனியில வேற யாராவது பள்ளிப் படிப்பை நிறுத்தின பொண்ணு இருக்காளா?”

“இப்பத்திக்கு இல்லீங்க சார். ஜூன்ல கிடைப்பாங்க.”

“அப்படியா, ரொம்ப நல்லது! பேரு சொல்லு, இப்பவே எழுதிக்கறேன்.”

“பேரு போட இடம் இருக்காதுங்களே சார். நம்ம படத்துல பையைத் தூக்கிப் பிடிச்சிருக்கறா பாருங்க, அவதானுங்க.”