வாஷர் அண்ணன் விலக்கிய கிண்ணம்

மூப்பரே, சபையில் வாசிக்கச் சொல்லிக் கொடுத்த கடிதத்தை நீங்கள் அமுக்கிவிட்டீர்கள். எண்பதுகளில், கொடைக்கானலில், என் கண் முன்னால். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது, அதனால் நம் சபைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன்.

அந்தக் கடிதம் வாஷர் அண்ணனைப் பற்றியது. பழனி மலைத்தொடரிலேயே அவரைப் போல ஒரு கிறுக்கு மனுஷன் அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நான் ஸ்டோர் பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் பிளம்பர். எது கெட்டாலும் அவருக்கு ஒரே காரணம்தான். டீச்சருக்கு இருமல் வந்தால் "வாஷர் போச்சு." டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தாலும் "வாஷர் போச்சு." சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்கூடப் பாடகர் குழு உருகிப் பாடிக்கொண்டிருந்தது. நடுவில் எழுந்து, "எல்லாரும் செத்த வாய மூடுங்க! செவத்துக்குள்ள தண்ணி பேசுது!" என்று கத்தினார். மறுநாள் சுவரை உடைத்தார். உள்ளே எல்லாம் காய்ந்து கிடந்தது. பிரின்சிபால் முறைத்தார்.

"நேத்துப் பேசுச்சுங்க. எல்லாரும் பாக்கவும் வெக்கப்பட்டுருச்சு."

அவருக்கு இளவயதிலிருந்தே வயிற்றுவலி. மேல்வயிற்றில் பிடித்து முதுகு வரை இழுக்கும். குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். "நான் ஏன் பிளம்பர் ஆனேன்னு நெனைக்கிறீங்க? குனிஞ்சே செய்யிற சோலி இது ஒண்ணுதான்" என்பார். வலி முற்றினால் ஏரிச்சாலை ஓரத்திலேயே சுருண்டு படுத்து வாந்தி எடுப்பார். ரோட்டில் அப்படிக் கிடப்பவனை ஊர் என்ன சொல்லும்? நானும் ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். உங்களைத் திட்டிவிட்டு அதை மறைப்பது நியாயமில்லை.

கடைசியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணையத்துக்குள் கல், உப்புக்கல் மாதிரி வெள்ளை வெள்ளையாக. அந்தப் படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே திரிந்தார். பஸ் நின்றால் போதும், ஜன்னலில் பிடித்து, "பாருங்க, குழாய்ல அடைப்பு!" என்பார். டூரிஸ்ட்டுகள் பயந்து ஷட்டரை இறக்கினார்கள்.

சாராயம் ஒரு சொட்டுக்கூடத் தொடாதே என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இந்த நோய்க்காரர்கள் எல்லோருக்கும் சொல்வதுதான், குடித்தாலும் குடிக்காவிட்டாலும். அந்த மாதத் திருவிருந்தில், அப்பத்துக்குப் பிறகு, போதகர் திராட்சரசக் கிண்ணத்தை, அதாவது ஒயினை, நீட்டினார். வாஷர் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேணாங்கய்யா. டாக்டரு ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாதுன்னுட்டாரு."

கோவில் முழுக்கக் கேட்டது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கக் கேட்டது: "டாக்டரே குடிய நிறுத்தச் சொல்லிட்டாராம்ல!" வாழ்நாளில் அந்தக் கிண்ணத்தைத் தவிர வேறு எதையும் குடிக்காத மனிதர், அதையும் விலக்கியதால் குடிகாரர் ஆனார். திருவிருந்துப் பட்டியலில் அவர் பெயரை நீங்கள்தான் அடித்தீர்கள், மூப்பரே.

"மனந்திரும்பிட்டு வாய்யா" என்றீர்கள்.

"எதுலருந்துங்க திரும்புறது?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அதன்பின் மற்றவர்கள் திருவிருந்து வாங்கப் பீடத்துக்குப் போகும்போது அவர் மட்டும் கடைசி பெஞ்சில் இருந்தார். வலியை விட அதுதான் அவரைத் தின்றது.

அந்தச் சமயம் மகளைப் பார்க்கப் பள்ளிக்கு வந்த ஓர் அமெரிக்க டாக்டர் வாஷர் அண்ணனின் எக்ஸ்ரே படத்திடம் மாட்டிக்கொண்டார். அவர் ஊரில் கெட்ட கணையத்தை முழுதாக எடுத்துவிடுகிறார்களாம். சும்மா எடுத்தால் கடுமையான சர்க்கரை நோய் வரும். அதனால் எடுத்த கணையத்திலிருந்தே இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பிரித்து, அவரவர் ஈரலுக்குள் செலுத்திவிடுகிறார்களாம். அவை அங்கே உட்கார்ந்து வேலை பார்க்குமாம்.

"அடேங்கப்பா! பூண்டப் பல்லு பல்லாப் பிரிச்சு வேற பாத்தியில ஊன்றாப்புல!" என்று குதித்தார் வாஷர் அண்ணன். அவர் மனைவி பூம்பாறைக்காரர், பூண்டுக் காட்டில் வளர்ந்தவர். "மொதல்ல பாத்தி நல்லாருக்கான்னு பாக்கச் சொல்லுங்க" என்றார்.

மதுரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன்.

"அய்யா, எனக்கு அந்த ஈரல் நடவுதான் வேணும்."

சர்ஜன் சிரித்தார். "அது நம்ம பக்கம் இன்னும் வரலய்யா. அங்கயே ஒண்ணு ரெண்டு எடத்துலதான் செய்யிறாங்க. ஒனக்குக் கணையத்த எடுக்க வேணாம். அதுக்குள்ள இருக்குற குழாய நீளமாத் தெறந்து, கல்ல எடுத்துட்டு, குடலோட சேத்துத் தச்சுருவோம்."

"அடைப்பெடுத்து, குழாயோட குழாயச் சேக்க டீ ஜாயின்ட் போடுறீங்க."

"அப்பிடித்தான் வச்சுக்கயேன்."

"லீக்காகாதுல்ல? தைக்கிறது நீங்களா, ஹெல்பரா?"

"நானேதான்யா!"

"அப்பச் சரி. வெரசா முடிங்க."

முடித்தார். எடுத்த கல்லை ஒரு மருந்துப் புட்டியில் போட்டுக் கொடுத்தார். வாஷர் அண்ணன் கேட்டதற்காக ஒரு கடிதமும் எழுதினார். நம் பக்கம் குடிக்காதவர்களுக்கே இளவயதில் இந்தக் கல் வருகிறது, இவர் குடித்ததற்கு எந்த அடையாளமும் இல்லை என்று. நான் படித்தேன். கையெழுத்து கோணல், விஷயம் நேர்.

சுகமானவர்கள் நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை போடுவது நம் வழக்கம். தட்டை நீங்கள் பிடித்திருந்தீர்கள். அவர் புட்டியைத் திறந்து கலகலவென்று கல்லைக் கொட்டினார்.

"என்னய்யா இது?"

"எங்கிட்ட இருந்ததுலயே ரொம்பக் கஷ்டப்பட்டுச் சேத்தது இதுதாங்க. இந்தக் கடுதாசிய அறிவிப்போட சேத்து வாசிச்சிருங்க."

"அடுத்த ஞாயிறு பாப்போம்" என்று சட்டைப் பைக்குள் வைத்தீர்கள்.

அடுத்த ஞாயிறு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கமிட்டியில் நான் கத்தினேன். "பாப்போம்யா" என்றீர்கள். போதகர்கள் மாற்றலாகிப் போனார்கள், நீங்கள் மட்டும் மாறவில்லை. வலி போய் அவர் நிமிர்ந்து நடந்தார். என்னை விட ஒரு சாண் உயரம் என்று அப்போதுதான் தெரிந்தது. அறிவிப்பு வாசிக்கும்போது மட்டும் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்காருவார். முடிந்ததும் பின்னால் சாய்ந்துகொள்வார். சில வருஷத்தில் சர்க்கரை வந்தது, கால் போனது, பிறகு அவரும் போனார். உங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "மறந்திருப்பாருய்யா, அவருக்கும் வயசாகுதுல்ல" என்றுதான் என்னிடம் சொன்னார்.

நான் அவ்வளவு நல்லவனில்லை. கடிதம் தொலைந்திருந்தால் வாயால் சொல்லுங்கள். எந்த ஞாயிறு சபை முன் நின்று, அந்த மனுஷன் குடிக்கவில்லை என்று சொல்லப் போகிறீர்கள்? தேதியை இதே பத்திரிகையில், எல்லோரும் பார்க்க எழுதுங்கள். அவர் மனைவியைப் பூம்பாறையிலிருந்து வெள்ளனே முதல் பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.