பூதமே சொல்லட்டும்

பூதத்தைக் கிணற்றுக்குள் அடைத்ததுதான் வினையாகப் போயிற்று என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார் தபால் ஆபீஸ் குமாஸ்தா.

அவருடைய சிறுவர் நாவலை ஆறு பதிப்பகங்கள் திருப்பியனுப்பிவிட்டன. ஏழாவது இடத்துப் பதிப்பாசிரியர் அம்மாள்தான் கொஞ்சம் மனமிரங்கினார். "யாரோ எட்ட நின்னு சொல்ற மாதிரி இருக்கு. பூதமே 'நான்'னு சொல்லட்டும். மாத்திக் கொண்டாங்க, போட்டுடலாம்."

இதையும் கோட்டைவிட்டால் இந்த ஜென்மத்தில் புத்தகம் கிடையாது. ஆனால் கிணற்றுக்குள் கிடக்கும் பூதத்துக்கு அரண்மனை சமாசாரம் எப்படித் தெரியும்?

"இளவரசியைக் கிணத்துல தள்ளி விடுங்க. அவ வந்து சொல்லட்டும்" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

தள்ளினார். மகளைத் தேடி ராஜா இறங்கினார். ராஜாவைக் காப்பாற்ற சேனாதிபதி, அவர் பின்னாலேயே குதிரைப்படை. பத்தாம் அத்தியாயத்தில் கிணற்றுக்குள் நிற்க இடமில்லை.

"சண்டை எங்க நடக்கும்?"

"உள்ளேயேதான்."

"குதிரை எப்படிங்க திரும்பும்?"

குமாஸ்தா லீவு போட்டுக் கிணற்றை அகலப்படுத்திக் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்தாம் நாள் அம்மாள் போனில் கூப்பிட்டார். "பூதம் ரொம்பப் பேசுது. இளவரசி சொல்லட்டுமே."

இளவரசியோ சாபத்தால் பாதிக் கதை தூங்குகிறவள்.

"சாபத்தை எடுத்துடுங்க."

"எடுத்தா கதையே இல்லடி."

வேறு வழியில்லாமல் அவளைத் தூக்கத்தில் பேச வைத்தார். படித்துப் பார்த்த மனைவி மூன்றாம் பக்கத்தில் குறட்டை விட்டாள். இருந்தாலும் கொடுத்துவிட்டு வந்தார்.

இம்முறை அம்மாள் நேரிலேயே வரச்சொன்னார். "ராஜா சொல்லிப் பார்க்கலாமே."

குமாஸ்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்து வரவேற்பு மேஜையின் மேல் நாவல் காகிதக் கட்டைத் தொப்பென்று போட்டார்.

"போதும்மா. எனக்கு நாவலும் வேண்டாம், பூதமும் வேண்டாம். இதைக் குப்பையில போட்டுடுங்க."

மேஜைக்குப் பின்னாலிருந்த பெண் பதறிப்போய்க் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போட்டுடாதீங்க சார், எடிட்டரம்மாவுக்குப் படிக்க எங்க நேரம், தினம் எம் பொண்ணுக்கு நான்தான் இதை வாசிச்சுக் காட்டி, அவ சொல்றதை அம்மாகிட்ட சொல்றேன், புத்தகமா அச்சாயிட்டா அப்புறம் கதை மாறவே மாறாதுன்னு அவளுக்கு ஒரே கவலை."