மூன்றாவது நூல்கண்டு

புதிதாக எதையாவது படிக்கிறவர்களை விடுமுறைக்கு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வைத்தியம் படிக்கிறவன் கண்ணில் பட்டவரையெல்லாம் நாக்கை நீட்டச் சொல்வான். சட்டம் படிக்கிறவன் பக்கத்து வீட்டுச் சுவரை அளப்பான். அவர்களாவது பரவாயில்லை. நான் படித்தது மனோதத்துவம். ஒரு கோடை விடுமுறையில், ஒரே சாயங்காலத்தில், என் அக்கா வசந்தாவின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன்.

அறுபதுகளின் கடைசி. சென்னையில் பி.ஏ. இரண்டாம் வருஷம். (எங்கள் தெருவில் அதற்கு ‘பைத்தியப் படிப்பு’ என்று பெயர்.) பாடப்புத்தகத்தில் ஒரு பரிசோதனை இருந்தது. படித்த நாளிலிருந்து அது தறியில் நாடா ஓடுவது மாதிரி எனக்குள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் அறையில் சிலரை உட்கார வைக்கிறார்கள். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்று கோடுகளில் எது இதே நீளம் என்று கேட்கிறார்கள். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் முன்பே பேசி வைத்த ஆட்கள். வரிசையாகத் தப்பான கோட்டையே சொல்கிறார்கள். கடைசியில் அந்த அப்பாவியின் முறை வருகிறது. தன் கண்ணை நம்புவானா, கூட இருப்பவர்கள் வாயை நம்புவானா? நிறையப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார்களாம்.

காஞ்சிபுரத்தில் கோட்டை யார் மதிப்பார்கள்? நான் பட்டு நூலை எடுத்துக்கொண்டேன். அரக்கு நிறத்தில் ஒரு கண்டு. எதிரே மூன்று கண்டுகள்: முதலாவது அதே அரக்கு, இரண்டாவது பச்சை, மூன்றாவது கத்தரிப்பூ நிறம். சரியான விடை முதலாவது. என் ஆட்கள் மூன்றாவது என்று சொல்ல வேண்டும்.

ஆட்கள் யார்? அம்மா, மாமா, அத்தை. கண்டுகளைத் தூக்கிக் காட்ட அப்பா. எல்லாருமே தறியோடு பிறந்தவர்கள். ஒத்திகையில் மாமாதான் முரண்டு பிடித்தார்.

“இதே நிறம் எது மாமா?”

“மொதலாவது.”

“மூணாவதுன்னு சொல்லணும்.”

“எப்படிமா சொல்றது? கண்ணுக்கு நேரா குந்திக்கினு இருக்குதே.”

“பாடத்துக்காக மாமா.”

“பொய் சொல்லக் கத்துக்கத்தான் மெட்ராஸுக்கு அனுப்பினோமா?”

ஒரு வழியாகப் படிய வைத்தேன். சட்டங்களும் போட்டேன். சிரிக்கக் கூடாது. கடைசி நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நடத்திவிட வேண்டும். முடிந்த பிறகும் ரகசியத்தை உடைக்கக் கூடாது, அடுத்த ஆள் காதுக்குப் போய்விடும். பிறகு எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரை அழைத்துவரப் போனேன். அவர் சட்டை போட்டு, பொத்தானை மாட்டி, விபூதி பூசி, நிதானமாகக் கிளம்பினார்.

நாங்கள் வாசற்படி ஏறும்போது கடைசி நாற்காலியில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார்.

ஏகாம்பரம் என்றால் அக்காவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. ஆவணியில் கல்யாணம். ஓரிக்கையில் சாயப் பட்டறை வைத்திருந்தார். நிறம் பார்ப்பதில் அவர் கண்ணுக்கு ஊரிலேயே மரியாதை. முகூர்த்தப் புடவைக்காகத் தன் கையால் சாயம் போட்ட நூலை ஒரு துணியில் மூட்டையாகக் கட்டி மடியில் வைத்திருந்தார்.

“சும்மா ஒரு பரிட்சை மாப்ள,” என்று அப்பா அரக்கைத் தூக்கினார். “இந்த நிறத்துக்குச் சேந்தது எது?”

“மூணாவது,” என்றாள் அம்மா.

“மூணாவது,” என்றாள் அத்தை.

மாமா தொண்டையைச் செருமினார். உத்தரத்தைப் பார்த்தார். “மூணாவதுதான். இதுல என்னா சந்தேகம்?” (பொய்யே வராத மனுஷர், கடைசி வாக்கியத்தைச் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டார்.)

ஏகாம்பரம் கண்டைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். “மூணாவதுங்க,” என்றார்.

நான் அப்போதே குறுக்கே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. உள்ளுக்குள் துள்ளினேன். புத்தகத்தில் இருந்தது என் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேசுகிறதே என்று ஒரு கிறுகிறுப்பு. வாயைத் திறந்தால் பின்னால் நிற்கிற வாத்தியாருக்கு ரகசியம் தெரிந்துவிடும். அதனால் மூடிக்கொண்டேன். ஏகாம்பரம் மூட்டையோடு எழுந்தார். “நூலை இன்னொரு தபா பாத்துட்டுக் கொணாந்து குடுக்கறேங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வாத்தியார் உட்கார்ந்தார். மூன்று பேர் சொன்னதையும் கேட்டார். “மொதலாவது. மூணு பேரும் மூஞ்சி கழுவிக்கினு வாங்க,” என்றார். காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த வாரக் கடைசியில் ஏகாம்பரத்தின் அம்மா தனியாக வந்தார். கையில் பூ இல்லை. வெறும் கையைப் பார்த்ததுமே என் அம்மாவுக்கு முகம் வெளுத்தது.

“உங்க பொண்ணு வாழ்க்கையக் கெடுக்க மனசு வரலமா,” என்றார். “பையனுக்குக் கண்ணு போயிடுச்சு. அரக்குக்கும் கத்தரிப்பூவுக்கும் வித்தியாசம் தெரியலையாம். கண் டாக்டர் நல்லா இருக்குதுன்னுதான் சொன்னாரு. ‘அவருக்குச் சாயத்தப் பத்தி என்னா தெரியும், தறிக்காரங்க மூணு பேர் சொல்றாங்க’ன்றான். தொட்டியாண்ட போறதே இல்ல. கல்யாணமே வேணான்றான்.”

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா, அத்தை, மாமா, ஒருவர் பின் ஒருவராக, ஒத்திகை பார்த்த அதே வரிசையில் என்னைப் பார்த்தார்கள்.

நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. “எல்லாருமா சேந்து பொய் சொன்னீங்களா? எதுக்கு?”

“பாடத்துக்கு,” என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

“அன்னிக்கே மாப்ளைகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே,” என்று அம்மா அப்பாவிடம் சீறினாள்.

“சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டுச்சேம்மா, இது,” என்று அப்பா என்னைக் காட்டினார்.

வசந்தா உள்ளேயிருந்து வந்தாள். அன்றைய கூத்து நடந்தபோது அவள் தையல்காரர் வீட்டில் இருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. இப்போது எல்லாம் கேட்டுவிட்டாள். அரக்குக் கண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம், “கெளம்பு,” என்றாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு அங்க போறதாடி?” என்றாள் அம்மா.

“பொண்ணு பாக்க அவங்க வரலாம். மாப்பிள்ளைக்குக் கண்ணு பாக்க நான் போகக் கூடாதாமா?”

அந்த அம்மாளோடு ஜட்காவில் போனோம். பட்டறை முற்றத்தில் மூங்கிலில் தொங்கிய நூல் எல்லாம் பழைய சாயம். காய்ந்து, எடுப்பார் இல்லாமல் கிடந்தது. தொட்டிகளில் வெறும் தண்ணீர், அதில் வானம். ஏகாம்பரம் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அக்கா கண்டை நீட்டினாள். “இது என்னா நிறம்?”

அவர் நூலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். “நீங்க என்னா சொல்றீங்க?”

“நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க.”

குதிரை வெளியே இரண்டு தடவை கனைத்தது.

“அரக்கு மாதிரி…”

“மாதிரியா?”

“அரக்கு.”

“அரக்குதான். அன்னிக்கும் அரக்குதான். எங்க வீட்ல சேந்து பொய் சொன்னாங்க. சொல்ல வெச்சது இதோ நிக்கிறா.”

ஏகாம்பரம் எழுந்து தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகையா என்று பதறினேன். திரும்பினார், சிரிப்பு. அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து இறங்கியதை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. மூங்கிலில் தொங்கிய நூல்கள்கூட மூச்சு விட்ட மாதிரி காற்றில் அசைந்தன.

“பாஸ் பண்ணிட்டீங்களா?” என்று என்னைக் கேட்டார்.

கல்லூரி திறந்த பிறகு பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அப்பாவியின் பக்கம் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும் கூட்டத்தின் பிடி பெரிதும் தளர்ந்துவிடுகிறது என்று போட்டிருந்தது. விடுமுறைக்கு முன்பே படித்திருக்கலாம்.

முகூர்த்தப் புடவை அரக்கு உடலும் கத்தரிப்பூக் கரையுமாக வந்தது. கரை மாப்பிள்ளையின் பிடிவாதம். இன்றைக்கும் அக்கா வீட்டில் சாம்பாரில் உப்பு இல்லை என்று எல்லாரும் சேர்ந்து சொன்னால், அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, “வசந்தா, நீ சொல்லு,” என்பார்.

போன மாதம் புதிதாக ஒரு பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். கூடத்தில் அவரும் பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீலம் உனக்கு நல்லா இருக்குது சித்தி,” என்றான் பெரியவன்.

“நல்ல நீலம்,” என்றாள் சின்னவள்.

“நீலம்தான். இதுல என்னா சந்தேகம்?” என்றார் அவர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் முந்தானையை வெளிச்சத்தில் பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். பிறகு, யாரும் கவனிக்காத மாதிரி, அக்காவைத் தேடிச் சமையலறைக்குள் போனேன்.