பெண் பார்க்கப் போன அன்று முகத்தில் துரு

முப்பது வயதில் பொம்மைக் கார் செய்கிறவர்கள் யாரும் அதைப் பொம்மை என்று சொல்லமாட்டார்கள். ‘ஸ்கேல் மாடல்’ என்போம். அம்மாவுக்கு மட்டும் அது இன்றுவரை பொம்மைதான்.

ஆவடி குவார்ட்டர்ஸில் பெண் பார்க்கப் போக வேண்டிய ஞாயிறு அது. போட்டோவில் பார்த்ததிலிருந்தே சுமதியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. இந்த இடம் தட்டிப்போனால் தாங்கமாட்டேன் என்ற நிலை.

“அங்க வந்து பொம்மைக்குப் பெயின்ட் அடிப்பேன்னு உளறிவைக்காதே. விளையாட்டுப் புள்ளைன்னு பொண்ணு தரமாட்டாங்க” என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கிளம்பக் கொஞ்சம் நேரம் இருந்தது. காட்டுப்பாக்கம் ஃபிளாட்டின் பால்கனியில் கையகல ஜீப் ஒன்று, துருப்பிடித்த பழைய வண்டியாக மாறக் காத்திருந்தது. டூத் பிரஷ்ஷைச் செம்பழுப்பு எனாமல் பெயின்டில் தொட்டு, அதன் முடிகளைக் கட்டைவிரலால் நம் பக்கம் இழுத்துவிட வேண்டும். பெயின்ட் பொடிப்பொடியாக முன்னால் தெறித்து, அசல் துருப்புள்ளி போலவே விழும். அவசரத்தில் நான் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டேன். ஜீப் மேல் ஒரு பொட்டுகூட இல்லை. மொத்தத் துருவும் என் முகத்தில்.

பெயின்டைக் கரைத்தெடுக்கும் டர்பன்டைன் தீர்ந்திருந்தது. (வேறு எப்போது தீரும்?) சோப்பு போட்டுத் தேய்த்ததில் புள்ளிகள் போகவில்லை, சுற்றியிருந்த தோல்தான் சிவந்து தடித்தது. மூக்குக்கண்ணாடியின் சில்லை மட்டும் சுரண்டி முடிப்பதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

“இன்னா சார், மூஞ்சில புள்ளி புள்ளியா கீது?” என்றார் ஆட்டோக்காரர்.

“கொசு” என்றாள் அம்மா. எங்கள் ஏரியாக் கொசுவைத் தெரிந்தவர் என்பதால் அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

ஆவடியில் கதவைத் திறந்த பெண்ணின் அம்மா, என்னைப் பார்த்ததும் பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஐயோ, அம்மை போட்டிருக்கே! இந்த வெயில்ல ஏங்க கூட்டிட்டு வந்தீங்க? தாயே மாரியாத்தா, புள்ள நல்லபடியா எழுந்திரிச்சா வருஷா வருஷம் ஆடியில கூழ் ஊத்தறேன்!”

என் கையில் ஒரு கொத்து வேப்பிலை வந்தது. பஜ்ஜித் தட்டு உள்ளே போய், இளநீர் வெளியே வந்தது. உண்மையைச் சொன்னால் விளையாட்டுப் பிள்ளை என்றாகிவிடும். அம்மா யோசித்துவிட்டு, “ஆமாங்க, காலையிலதான் கண்டுச்சு” என்றாள். (பெற்றவள்!)

அப்போது உள்ளறை வாசலில் நின்றிருந்த சுமதி கேட்டாள்: “ஏம்மா, அம்மை கண்ணாடி ஃபிரேம்ல கூடவா போடும்?”

கழற்றிப் பார்த்தேன். ஃபிரேம் முழுக்கச் செம்பழுப்புப் புள்ளிகள். அவமானத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பால்கனி, பிரஷ், ஜீப், துரு உட்பட.

பெண்ணின் அப்பா வண்டித் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் இருப்பவர். அவர் என் ஃபிரேமை உற்றுப் பார்த்து, “துரு வரக்கூடாதுன்னு சர்வீஸ் பூரா பெயின்ட் அடிக்கிறேன். நீங்க துருவையே பெயின்டா அடிக்கிறீங்களா?” என்றார். இடம் போச்சு என்று எழுந்தேவிட்டேன். சுமதி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் சிரிப்புச் சத்தம் அடங்குவதற்குள் பஜ்ஜித் தட்டு திரும்பி வந்தது. அத்தனை சந்தோஷமாக நான் பஜ்ஜி தின்றதே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு, “பெயின்ட்னு தெரிஞ்சுபோச்சே, கூழ் எதுக்கு அத்தை?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“ஆத்தாகிட்ட சொன்னது சொன்னதுதான், மாப்பிள்ளை.”

அதனால் ஒவ்வோர் ஆடியிலும் கோயில் வாசலில், அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நிற்கிறேன். சொம்பை நீட்டுகிறவர்கள், “யாருக்கும்மா அம்மை கண்டுச்சு?” என்று பக்தியோடு விசாரிப்பார்கள்.

சுமதி முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள்: “ஜீப்புக்கு வரவேண்டியதுங்க. இவருக்கு வந்துடுச்சு.”