குபேரன் கேட்ட வர்க்கி

இந்த வருஷம் எப்படியும் கோடீஸ்வரன் ஆகிவிடுவது என்று தரணிதரன் முடிவு செய்தது ஒரு திங்கட்கிழமை, பல் தேய்க்கும்போது. வாயில் நுரை இருந்ததால் மனைவி சசிரேகாவிடம் சொல்லவில்லை. வாய் கொப்பளித்த பிறகும் சொல்லவில்லை.

ஊட்டிப் பக்கம் ஜெகதளாவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை போடும் வேலை அவனுக்கு. கை தராசில், மனசு ‘நாகக்கோட்டை’யில். அது செல்போனில் ஊர் உலகமே கூடி ஆடும் விளையாட்டு. அரக்கனை வெட்டினால் தங்கக்காசு கொட்டும். அந்தக் காசுக்கு வாள் வாங்கலாம், குதிரை வாங்கலாம். அரைக் கிலோ தக்காளி வாங்க முடியாது. ஆனால் வெட்டச் சோம்பல்படுகிறவர்கள் அதை நிஜப் பணம் கொடுத்துக் கள்ளத்தனமாக வாங்குவார்கள். விளையாட்டுக் கம்பெனிக்குத் தெரிந்தால் கணக்கையே மூடிவிடும். அதனால் வியாபாரம் ஒரு ரகசியக் குழுவில், புனைபெயரில். அங்கே தரணிதரன் ‘கறுப்புச் சிறுத்தை’. வீட்டில் கரப்பான்பூச்சிக்குப் பயம். அது வேறு விஷயம்.

மூன்று மாதம் வெட்டினான். சோற்றுத் தட்டின் முன்னால் வெட்டினான், கக்கூஸில் வெட்டினான். எட்டுக் கோடி காசு சேர்ந்தது.

“ஏனுங்க, ஒரு நாள் லீவு போடுங்க. எங்காச்சும் போயிட்டு வரலாம்,” என்பாள் சசிரேகா.

“எல எடை போடறவனுக்கு ‘லீஃப்’தான் புள்ள உண்டு, ‘லீவு’ கெடையாது.”

இந்த ஜோக்கை ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சிரித்ததும் அவன் ஒருவன்தான்.

அப்போதுதான் குழுவில் ‘குபேரன்’ என்று ஒருவன் வந்தான்.

“எட்டுக் கோடியும் எனக்கே வேணும்.”

“வெல?”

“நீ சொல்றதுதான் வெல.”

பேரம் பேசாத மனிதனைத் தரணிதரன் அதுவரை பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

“பேங்குல போட்டா கம்பெனி மோப்பம் புடிச்சுரும். கையில தர்றேன். புதன்கெழம பதினோரு மணி, பைக்காரா படகுத்துறை.”

“அடையாளம்?”

“நீலச் சட்டை, இஸ்திரி போட்டது. மொகச் சவரம் பண்ணியிருக்கோணும். கையில அரைக் கிலோ ஊட்டி வர்க்கி பிஸ்கோத்து, சூடா.”

சவரம் செய்யச் சொல்லி சசிரேகா கெஞ்சாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. முகம் தெரியாத குபேரன் ஒரு தரம் சொன்னான். தரணிதரன் இரண்டு தரம் மழித்தான். சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டான். லீவு கேட்கப் பயந்துகொண்டே போனான். “எடுத்துக்கப்பா. நீ கேட்டாத்தானே குடுக்க முடியும்?” என்றார் மேனேஜர்.

புதன்கிழமை காலை, பணம் அள்ளி வரப் பெரிய பையோடு கிளம்பினான்.

“எங்கீங்க இவ்வளவு ஜோரா?”

“வெளியூரு ஃபேக்டரியில ஆடிட்டு.”

“நல்லா ஆடிட்டு வாங்க.”

பைக்காராவில் பனிமூட்டம் ஏரியை மூடியும் திறந்தும் விளையாடிக்கொண்டிருந்தது. தரணிதரன் வர்க்கிப் பொட்டலத்தை ஸ்வெட்டருக்குள் அணைத்துச் சூடு காத்தபடி நின்றான். பதினோரு மணிக்கு முதுகில் யாரோ தட்டினார்கள்.

“கறுப்புச் சிறுத்தைங்களா?”

திரும்பினான். பச்சைப் பட்டுச் சேலை, மேலே ஸ்வெட்டர், கையில் இரண்டு படகு டிக்கெட். சசிரேகா.

“ஆடிட்டு... இங்கதான்...”

“ஆடுன வரைக்கும் போதுமுங்க. வர்க்கி சூடு இருக்குதா?”

“நீ எப்படி இங்க?”

“நீங்க வர்க்கிக் கடையில நிக்கறப்பவே நான் ஊட்டியில பஸ் ஏறிட்டேன்.”

“அப்ப குபேரன்?”

“அவன் ஒம்பது வருஷமா உங்க ஊட்டுலதான் சோறாக்கிட்டு இருக்கறான்.”

தரணிதரன் பையைக் கீழே போட்டான்.

“ஞாயித்துக்கெழம மத்தியானத் தூக்கத்துல ‘தங்கம், என் தங்கம்’னு கூப்புட்டீங்க. என்னையத்தானாக்கும்னு ஓடி வந்தேன். ‘எட்டுக் கோடி, கொறைக்க மாட்டேன்’னீங்க. உங்க வெரல எடுத்துப் போன்மேல வெச்சேன். எல்லாம் தொறந்துக்குச்சு. நான் சொன்னா லீவில்ல. எவனோ சொன்னா லீவு, சவரம், இஸ்திரி, வர்க்கி!”

பையை எடுத்துச் சுருட்டிக்கொண்டான். படகில் ஏறினான்.

படகு வேகமெடுத்ததும் தண்ணீர் முகத்தில் அடித்தது. சசிரேகா வாய்விட்டுச் சிரித்தாள். வர்க்கி நொறுங்கியது. அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாள் லீவில் இத்தனை இருக்கிறதா? போகட்டும், குபேரன் பொய்யானாலும் காசு நிஜம். நாளைக்கே வேறு ஆளுக்கு விற்றுவிடலாம் என்று தெம்பாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

செல்போன் சிணுங்கியது. நாகக்கோட்டைக் கம்பெனியிடமிருந்து செய்தி: ‘காசு விற்பதாக வந்த புகாரின் பேரில் உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது.’

“ஐயோ! எட்டுக் கோடி! எந்தப் பாவி புகார் குடுத்தான்?”

சசிரேகா தன் போனை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“நாந்தானுங்க. கொஞ்சம் சிரிங்க, போட்டோ எடுக்கோணும்.”