நாளிருக்கு

மனித குலத்தில் கெடுவாளர் என்றொரு இனம் உண்டு. சோம்பேறி என்று அவரைச் சொல்லிவிடாதீர்கள்; சோம்பேறி வேலையே செய்ய மாட்டான், கெடுவாளருக்கோ ஓய்வே கிடையாது. எந்த வேலையும் அதற்கு வைத்த கெடுவின் கடைசி நாளில்தான் கனியும், அதற்கு முன் தொட்டால் பிஞ்சு என்பது அவர் கொள்கை. அவ்வளவுதான்.

நம் ஆள் ஒரு கிடங்கில் கணக்கர். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருகிற சொல்லையே அங்கே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்: நாளிருக்கு. அவருக்கு வந்தது பாருங்கள் ஒரு வழக்கு. அவர் வீட்டு வாசலுக்குப் போகிற சந்து பக்கத்து வீட்டுக்காரருக்கே சொந்தம், வேண்டுமானால் குறுக்கே சுவர் எழுப்பிக்கொள்ளலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. கெடுவுக்குள் மேல்முறையீடு செய்தால் சுவருக்குத் தடை வாங்கலாம். தவறினால் புருஷனும் பெண்டாட்டியும் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

“ஏங்க, செங்கல் வந்து எறங்கிடுச்சு” என்றாள் மனைவி.

“எறங்கட்டும். நாளிருக்கு.”

வக்கீல் குமாஸ்தா தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், எல்லாம் தயார். நீங்க தீர்ப்பு நகலைக் குடுத்து ஒரு கையெழுத்து போட்டா இன்னிக்கே தாக்கல் பண்ணிடலாம்.”

“கடைசி நாளு இன்னிக்கா?”

“இல்ல சார், இன்னும் நாள் இருக்கு, ஆனா...”

“பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க.”

அதற்காகச் சும்மா இருந்தார் என்றா நினைக்கிறீர்கள்? தீர்ப்பு நகலுக்குத் துளை போட்டார், துளை கோணல் என்று இன்னொரு துளை போட்டார், கட்டிய நூலை அவிழ்த்து வேறு நிறத்தில் கட்டினார், கீழ்க் கோர்ட்டில் தோற்றதற்குத் தன் கையெழுத்து வலப்பக்கம் சாய்ந்திருந்ததே காரணம் என்று கண்டுபிடித்து, நிமிர்ந்த கையெழுத்து ஒன்றைக் காலையும் மாலையும் உட்கார்ந்து பழகினார். அந்த நேரத்தில் வக்கீலிடம் ஒரு நடை போய்விட்டு வந்திருக்கலாமே என்று மனைவி கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“கோர்ட்டு நமக்குன்னு குடுத்த நாளு. முன்னாடியே போய் நின்னா மிச்ச நாளைத் திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிடாதா? அது மரியாதையா?”

கடைசி நாள் வந்தது. மடிப்புக் கலையாத சட்டையில், குமாஸ்தா கொடுத்த தாள்களில் நிமிர்ந்த கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். தாக்கல் செய்யும் ஜன்னலுக்கு முன் நீண்ட வரிசை. எல்லாரும் நம் இனம். அவருக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோல் இருந்தது. ஜன்னலை நெருங்கும்போது பின்னால் நின்ற பெரியவரிடம் விசாரித்தார்.

“உங்களுக்கும் இன்னிக்குத்தானா?”

“எனக்கு நேத்தோட முடிஞ்சிருச்சு தம்பி.”

நாளிருக்கு ஆடிப்போய்விட்டார். தன்னையும் மிஞ்சிய ஆள் ஒருவரை முதன்முறையாக நேரில் பார்க்கிறார். பயபக்தியோடு விலகி நின்று, “ஐயா, நீங்க முன்னாடி போங்க” என்றார். பெரியவர் போனார், ஒவ்வொரு தாளாகக் கொடுத்தார், தான் தாமதித்த கதையைச் சாவகாசமாகச் சொன்னார். அவர் வேலை முடிந்ததும் ஜன்னல் மூடப்பட்டது.

குமாஸ்தா தலையில் கைவைத்துக்கொண்டார். “இனிமே தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியா ஒரு மனுப் போடணும் சார்.”

“போட்டாப் போச்சு. அதுக்குக் கடைசி நாள் எது?”

“அப்படி ஒண்ணும் இல்ல. எவ்வளவு சீக்கிரம் போடுறோமோ அவ்வளவு நல்லது.”

நாளிருக்குவின் முகம் வெளுத்தது. கடைசி நாள் இல்லாத வேலையை எந்த நாளில் ஆரம்பிப்பது? வீட்டில் உட்கார்ந்து யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். சுவர் முழங்கால் உயரம் வந்தது, இடுப்புக்கு வந்தது, கதவை மறைத்தது. கட்டுகிற கொத்தனாரைத்தான் மெச்ச வேண்டும், தினமும் வந்தார்.

ஒரு நாள் காலை மனைவி சமையலறை ஜன்னலில் ஏறி, முதலில் பையை வெளியே போட்டாள். பிறகு தானும் இறங்கினாள். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை.

“நான் அக்கா வீட்டுக்குப் போறேன்.”

போய்வரக் கம்பியைக் கழற்றிவிட்ட அந்த ஜன்னலில் அவர் தலையை நீட்டினார். அவள்மேல் அவருக்கு உயிர்.

“நான் வந்து கூட்டிட்டு வந்துடுறேன். எந்தத் தேதிக்குள்ள வரணும்?”

அவள் தேதி எதுவும் சொல்லாமல் நடந்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போய்ப் பார்க்கிறேன் என்று நீங்களும் யாரிடமோ சொல்லிவைத்திருக்கிறீர்களே, அவர் உங்களுக்குத் தேதி ஏதாவது கொடுத்திருக்கிறாரா?